கிழட்டுப் பூனைக்கு எதுக்கு உண்டியல்?

சத்துணவுக் கூட ஜன்னலில் இருக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்து எல்லாரும் கேட்கிற கேள்விதான் தலைப்பு. கேட்பது தப்பே இல்லை. காசு போடுகிறவர்கள் எதுக்குன்னு கேட்கத்தான் வேண்டும். அதனால் இந்த வாரம் விளக்கமாகவே எழுதிவிட்டேன்.

வெள்ளச்சியை வளர்த்த ஆயா இறந்துபோனதும், வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பூனை மட்டும் வாசலிலேயே கிடந்தது. தூக்கிவந்தபோது முதுகெலும்பை விரலால் எண்ணலாம் போல இருந்தது. வயசு பதிமூன்று இருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள். பூனைக்குப் பத்து வயசு தாண்டினாலே முதுமைதான். பதிமூன்று என்றால் மனுசக் கணக்கில் கிட்டத்தட்ட எழுபது. குட்டியாக இருந்தால் பல்லைப் பார்த்து வயசு சொல்லிவிடலாம், பெரிசானபின் டாக்டராலும் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். அதனால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான்.

வெள்ளச்சி சோறு வைத்தால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆனால் தண்ணீர்? கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கும். "நல்லா தண்ணி குடிக்குது, தேறிடும்" என்று நாங்கள் எல்லாம் சந்தோசப்பட்டோம். டாக்டர் அதைக் கேட்டதும்தான் முகம் மாறினார். வயசான பூனை திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தால் முதலில் சிறுநீரகத்தைத்தான் சந்தேகப்பட வேண்டுமாம். சிறுநீரகம் என்பது வடிகட்டி. அது தேய்ந்துபோனால் தண்ணீரை உடம்பில் பிடித்து வைக்க முடியாது, எல்லாம் மூத்திரமாகவே போய்விடும். அதை ஈடுகட்டத்தான் பூனை குடித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் கழிவு ரத்தத்திலேயே தங்கிவிடும். அதனால் குமட்டல், பசியின்மை, மெலிவு.

அப்படியானால் உடனே மருந்து கொடுக்க வேண்டியதுதானே? இங்கேதான் காசு வருகிறது. எங்கள் ஒன்றியத்துக் கால்நடை மருந்தகத்தில் டாக்டர் பார்த்ததற்கு ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆனால் அங்கே வருவது முக்கால்வாசி மாடும் ஆடும்தான். ரத்தப் பரிசோதனை டவுனில் உள்ள லேபில் எடுக்க வேண்டும். அதில் யூரியா, கிரியாட்டினின் என்று இரண்டு அளவு பார்ப்பார்கள். சிறுநீரகத்தில் முக்கால் பங்கு வேலை நின்றபிறகுதான் கிரியாட்டினின் ஏறுமாம்! அதாவது, வெளியே தெரியும்போது உள்ளே நிறையப் போயிருக்கும்.

வெள்ளச்சிக்கு இரண்டுமே ஏறியிருந்தது. பல்லும் இரண்டு சொத்தை. பல்லை முதலில் பிடுங்கிவிடலாமே, வலி போனால் சாப்பிடுமே என்று நான் கேட்டேன். பூனை நம்மைப் போல வாயைத் திறந்து உட்காராது. மயக்க மருந்து கொடுத்தால்தான் பல் எடுக்க முடியும். சிறுநீரகம் கெட்ட பூனைக்கு மயக்க மருந்து ஆபத்து. ஆகவே முதலில் பரிசோதனை, அப்புறம் குளுகோஸ் ஏற்றுவது போல ஒரு திரவம், உடம்பு தேறினால் பல். இந்த வரிசையில்தான் காசு செலவாகும்.

அந்தத் திரவத்தைக் கழுத்துக்குப் பின்னால் தொளதொளவென்று இருக்கும் தோலுக்கு அடியில் ஊசி வழியாக விடுகிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒட்டகத் திமில் மாதிரி வீங்கிவிடும். பார்த்துப் பயந்துவிட்டோம். சில மணி நேரத்தில் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்கிறது. இதை வாரம் இரண்டு முறை செய்யச் சொல்லியிருக்கிறார். இது ஆறாத நோய், வேகத்தை மட்டும்தான் குறைக்க முடியும். ஒரே நாளில் ஆயிரம் ரூபாய் சேர்ப்பதைவிட மாதாமாதம் கொஞ்சம் வருவதுதான் உதவும் என்று அப்போதுதான் புரிந்தது.

காசு இல்லாதவர்கள் பால் கொண்டுவருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்தால் இருக்கிற தண்ணீரும் போய்விடும். கருவாடும் வேண்டாம், அவ்வளவு உப்பு ஆகாது. எல்லாவற்றையும்விட முக்கியம், காய்ச்சல் மாத்திரையை ஒடித்துக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். பூனை கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வீட்டில் மறைக்க வேண்டாம்.

இப்போது கணக்கு. பழைய பேப்பர் போட்டு வந்தது 410 ரூபாய், உண்டியலில் 930, மொத்தம் 1,340. செலவு: ரத்தப் பரிசோதனை 750, திரவ பாட்டில், ஊசி 190, மூடி வைத்த கூடை 60. மீதி 340. பஸ் செலவு இல்லை, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே. வெள்ளச்சியும் பெண்தான் என்று டீச்சர் கண்டக்டரிடம் சொன்னார், அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ரசீதுகள் கீழே ஒட்டியிருக்கின்றன.

உண்டியலை இரண்டு பேர் சேர்ந்துதான் திறப்போம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போய்க் கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம், அவர்கள் தின்பண்டக் காசை அப்படியே போட்டுவிடுகிறார்கள். வற்புறுத்தலும் கிடையாது.

"செத்துப்போனா காசு என்ன ஆகும்?" என்று ஒரு அண்ணன் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனாலும் அதற்கும் பதில் வேண்டும். மீதி இருந்தால் பள்ளியைச் சுற்றித் திரியும் இரண்டு குட்டிகளின் தடுப்பூசிக்குப் போகும். இன்னொன்றும் பேசிவைத்திருக்கிறோம். திரவம் ஏற்றியும் சாப்பிடவில்லை, வேதனைதான் படுகிறது என்று டாக்டர் சொன்னால், காசு இருக்கிறதே என்பதற்காக ஊசி குத்திக்கொண்டே இருக்க மாட்டோம்.

நேற்று காலை இரண்டு வாய் மீன் சோறு சாப்பிட்டது. உப்புப் போடாதது. அடுத்த பரிசோதனை இரண்டு வாரத்தில், அதற்கு இன்னும் 410 ரூபாய் வேண்டும். கணக்கு வெள்ளிக்கிழமைதோறும் இதே பலகையில் ஒட்டப்படும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி