ராமர் பொறித்த 1818 காசு: விலை பேசும் முன்

பாட்டி விட்டுப்போன சில்லறை டப்பாவைக் கொட்டிப் பார்த்தால், ஓட்டைக் காலணாவுக்கும் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட காசுகளுக்கும் நடுவே செம்பு நிறத்தில் கனமான ஒரு வில்லை கிடைக்கலாம். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் ஆங்கிலத்தில் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’, ‘ஹாஃப் அணா’, 1818 என்ற ஆண்டு. இதே காசு பல லட்சத்துக்குப் போகும் என்று கைபேசியில் வீடியோ வருகிறது. அதை நம்பிச் சேமிப்பை இழப்பவர்கள் உண்டு.

அந்தக் காசு கம்பெனி அடித்ததல்ல. பிற்காலத்தில் பூஜைக்கும் அதிர்ஷ்டத்துக்குமாக விற்கப்பட்ட வில்லை, அதாவது டோக்கன். கம்பெனி சாமி உருவமே பொறித்ததில்லை என்று சிலர் காரணம் சொல்வார்கள், அது சரியல்ல. சென்னையில் அடித்த தங்க நட்சத்திர வராகனில் திருமால் உண்டு, வெள்ளி அரை வராகனில் கோபுரம் உண்டு. ஆனால் அக்காலத்துச் சென்னைச் செப்புக்காசுகளில் இருப்பது ‘10 காசு’, ‘20 காசு’ போன்ற மதிப்புகள். கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி நாணயம் வந்தது 1835இல். அந்த ஆண்டின் அரையணாவில் கம்பெனியின் சிங்கச் சின்னம் இருக்கும், ராமர் இருக்க மாட்டார். அந்த அரையணாவின் எடை ஏறக்குறைய 12.95 கிராம்.

உங்கள் காசை நகைக்கடைத் தராசில் எடை பாருங்கள். காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. பூதக்கண்ணாடி வைத்து எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள்: அச்சில் அடித்த காசில் விளிம்பு கூர்மையாக நிற்கும், வார்த்தெடுத்ததில் எழுத்து மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். உண்மையிலேயே பழையதாக இருந்தால் அதன் மதிப்பு அந்த நிமிடமே குறைந்துவிடும். எல்லா டோக்கனும் போலி என்றும் எண்ண வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பி வணிக நிறுவனங்கள் வெளியிட்ட டோக்கன்களைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். கண்டி போய் வந்த முன்னோர் இருந்த வீட்டில் அப்படி ஒன்று இருக்கலாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயவியல் பிரிவு இருக்கிறது. விலை பேசும் முன் அங்கே விசாரியுங்கள்.

மோசடிக்காரர்களின் வழி எப்போதும் ஒன்றுதான். படம் அனுப்பச் சொல்வார்கள், உடனே பெரிய விலை சொல்வார்கள். பிறகு பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பழைய நாணயம், நோட்டு விற்பனையில் தனக்குத் தொடர்பே இல்லை, எந்தக் கட்டணமும் தான் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் 4 அன்று அறிவித்திருக்கிறது. வாங்குகிறவர் விற்பவரிடம் எதற்குப் பணம் கேட்க வேண்டும்? இந்தக் கேள்வி எழுந்த இடத்திலேயே பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். ‘ரைஸ் புல்லிங்’ இதைவிடக் கொடியது. காசு அரிசியை இழுக்கிறது, உள்ளே இரிடியம் இருக்கிறது என்பார்கள். செம்போ இரிடியமோ அரிசியை இழுக்காது. இழுத்தால் அரிசியில் இரும்புத்தூள் தடவியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பரம்பரைக் காசை வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல. நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதுதான் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. ஆகவே ‘துபாய்க்காரர் வாங்குகிறார்’ என்ற பேச்சுக்கு இடமே தராதீர்கள். மண்ணைத் தோண்டும்போது கிடைத்த காசு வேறு கணக்கு: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பணம் கட்டி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை மோசடிக்காரர் கணக்கிலேயே முடக்கும் வாய்ப்பு அதிகம். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, அவர்கள் தந்த கணக்கு எண் எதையும் அழிக்க வேண்டாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால், எல்லை பாராமல் முதல் தகவல் அறிக்கை பதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இடம் தருகிறது என்று சொல்லிக் கேளுங்கள்.