காற்றுத் தூரிகை: தேர்வும் துப்புரவும்

மாதிரி விமானங்களையும் கப்பல்களையும் ஒட்டிச் சேர்த்து மகிழும் பிள்ளைகள், சில காலம் சென்றதும் 'ஏர்பிரஷ்' வேண்டுமெனக் கேட்பது வழக்கம். இஃது ஆடம்பரமோ அவசியமோ எனப் பெற்றோர் ஐயுறுதல் இயல்பே. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 72-இல் ஒரு பங்காகச் செய்த விமானத்தின்மீது 0.1 மில்லிமீட்டர் கனத்திற்கு வண்ணம் படிந்தால், மெய்யான விமானத்தின்மீது அது 7 மில்லிமீட்டர் பூச்சுக்கு ஒப்பாகும்! ஆணித்தலைகளும் தகட்டுக் கோடுகளும் அதில் மறைந்துபோம். வண்ணத்தை நுண்துளிகளாக்கி மெல்லிய படலமாய்ப் படியவைப்பதே இக்கருவியின் பயன்.

வாங்குங்கால் கவனிக்க வேண்டுவன சில. விசையை அழுத்தினால் காற்றும், பின்னுக்கு இழுத்தால் வண்ணமும் வரும் 'டபுள் ஆக்‌ஷன்' வகையைப் பழகச் சில நாள் பிடிக்கும். ஆயினும் நெடுங்காலம் பயன்படும். மேலே சிறு கிண்ணம் உடையது சில துளி வண்ணத்திலேயே வேலை செய்யும். நாசித் துளை 0.3 மில்லிமீட்டர் இருப்பின் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும், 0.2 எளிதில் அடைத்துக்கொள்ளும், 0.5 பெரும் பரப்புக்கு ஏற்றது. வண்ணத்தைப் பால்போல் நீர்க்கக் கரைத்து, 15 முதல் 20 பவுண்டு அழுத்தத்தில் தெளித்தல் பொதுவாகத் தகும். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று நகரங்களில் வாழ்வோர், கம்ப்ரஸருடன் நீர்பிரிப்பானும் சேர்த்து வாங்குதல் நலம். இன்றேல் நீர்த்துளி விழுந்து பூச்சுக் கெடும்.

இனித் துப்புரவு. ஒவ்வொரு வண்ணம் முடிந்ததும் கிண்ணத்தைத் துடைத்து, அக்ரிலிக்குக்கு நீரோ அதற்குரிய திரவமோ, எனாமலுக்கு அதற்குரிய தின்னரோ ஊற்றி, தெளிவாக வரும்வரை தெளிக்க வேண்டும். நாள் முடிவில் ஊசியை உருவி, தடித்த பக்கத்திலிருந்து முனை நோக்கித் துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் துடைத்தால் முனை வளையும், விரலும் குத்துப்படும். நாசியைக் கம்பியால் குத்துதலும், இறுக முடுக்குதலும் ஆகா. கருவி முழுவதையும் தின்னரில் ஊறவிட்டால் ரப்பர் வளையங்கள் பழுதாகும்.

எல்லாவற்றினும் முதன்மையானது பிள்ளையின் நலம். நுண்துளிகள் நுரையீரலில் தங்குவன. தின்னரின் ஆவியோ தீப்பற்றுவது. ஒற்றை அறையிலேயே சமையலும் படுக்கையும் அமைந்த இல்லங்களில் அடுப்பெரியும் வேளையில் இவ்வேலை கூடவே கூடாது. சன்னலைத் திறந்து, வண்ணத்துளியும் ஆவியும் புகாத வடிகட்டி முகமூடி அணிந்தே தெளிக்க வேண்டும். துணி முகமூடி போதாது. கருவியின் விலையோடு முகமூடியின் விலையையும் சேர்த்தே கணக்கிடுமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.