துகள் இயற்பியலில் ‘டிரிகர்’: ஒரு சொல்லாக்கச் சிக்கல்

கருவி மாறினாலும் அதன் பெயர் பெரும்பாலும் மாறுவதில்லை. மூலமொழியினருக்கு இதனால் இடரில்லை. பழம்பொருள் தேய்ந்து புதுப்பொருள் குடியேறிவிடும். மொழிபெயர்ப்பாளரோ தேய்ந்துபோன பொருளையே பெயர்த்துவிட நேர்கிறது. துகள் இயற்பியலில் வழங்கும் ‘டிரிகர்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

1932இல் பிளாக்கெட்டும் ஒக்கியாலினியும் முகில் அறையின் மேலும் கீழும் கைகர் எண்ணிகளைப் பொருத்தினர். அவை ஒருசேரத் துடித்தால் மட்டுமே அறை விரிந்து படம் பதிவாயிற்று. துப்பாக்கியின் விசையை ஒத்த செயல் அது. எனவே ‘விசை’ என்பது அன்று பொருந்தியிருக்கும். இயற்பியலில் அச்சொல் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது என்பது தனிச் சிக்கல். ‘முடுக்கி’யையோ துகள் முடுக்கிகள் எடுத்துக்கொண்டன.

செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹேட்ரான் மோதுவியில் நிலைமை வேறு. அங்குப் புரோட்டான் திரள்கள் 25 நானோநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 4 கோடி முறை, குறுக்கிடும் வகையில் அமைப்பு உள்ளது. தரவு முன்னரே இடைநினைவகத்தில் காத்திருக்கிறது. டிரிகர் இங்கு எதையும் தொடங்கிவைப்பதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்ப்பளிக்கிறது. விடப்பட்டது மீளாது. ஆதலின் ‘தூண்டி’யும் பொருந்தாது, மின்காந்தத் தூண்டலோடு மயங்கவும் இடமுண்டு. ‘தெரிவு’ என்பதே செயலை நேராகச் சுட்டுகிறது. (‘தரவு’ பற்றி அச்சமில்லை, கலிப்பாவின் உறுப்போடு இயற்பியலார் எவரும் அதனை மயங்கார்.)

மேம்பாடு பற்றிய எழுத்துகளில் சிக்கல் முற்றுகிறது. சி.எம்.எஸ். ஆய்வின் முதல்நிலைத் தெரிவு ஏறத்தாழ 4 மைக்ரோநொடியில் முடிவெடுத்து, நொடிக்கு 1 இலட்சம் நிகழ்வுகள் வரை மேல்நிலைக்கு அனுப்பும். 2030இல் இயங்கத் திட்டமிடப்பட்டுள்ள அதியொளிர்வு மோதுவிக்கான அமைப்பில் இவை முறையே 12.5 மைக்ரோநொடியாகவும் 7.5 இலட்சமாகவும் உயர்கின்றன. இங்கு ‘லேட்டன்சி’யைத் ‘தாமதம்’ எனப் பெயர்த்தால், மேம்பாட்டின் பயனாகத் தாமதம் மும்மடங்காயிற்று என்று பொருள்பட்டுவிடும். உண்மையில் அது பேறு. அந்த நேரம் கிடைப்பதால்தான் துகள்களின் தடங்களைப் பதியும் உட்கருவியின் செய்தியை முதல்நிலையிலேயே பயன்படுத்த இயலுகிறது. ‘முடிவு அவகாசம்’ எனின் இம்மயக்கம் எழாது.

எல்.எச்.சி.பி. ஆய்வோ 2022இல் தொடங்கிய மூன்றாம் ஓட்டத்திற்கென வன்பொருள் தெரிவையே நீக்கிவிட்டது. நொடிக்கு ஏறத்தாழ 3 கோடி குறுக்கீடுகளின் தரவு முழுவதும் கணினிகளை அடைகிறது. வரைகலைச் செயலிகளில் இயங்கும் மென்பொருள் முதற்கட்டத் தெரிவைச் செய்கிறது. இதனையும் அவ்வாய்வாளர்கள் டிரிகர் என்றே எழுதுகின்றனர். தமிழில் ‘மென்பொருள் விசை’ என எழுதினால் படிப்பவர் என்ன விளங்கிக்கொள்வார்?

‘நிகழ்வு’ என்பதும் கருதத்தக்கது. அதியொளிர்வு மோதுவியில் ஒரு குறுக்கீட்டில் 140 முதல் 200 மோதல்கள் எதிர்பார்க்கப்படுகின்றன. அத்தனையும் அடங்கிய ஒரே பதிவுதான் ‘நிகழ்வு’. அதனை ‘மோதல்’ எனப் பெயர்ப்பவர் எண்ணிக்கையையே பிழையாகத் தந்தவராவார்.