பழைய டெக்கில் டிஜிட்டல் டிவி!

வீட்டுப் பரணில் பழைய வி.சி.ஆர். ஒன்று தூங்குகிறதா? நம் ஊர்ப் பக்கம் இதை ‘டெக்’ என்றுதான் சொல்வோம். கீழே இறக்கித் தூசி தட்டி, ஆண்டெனா வயரைச் செருகி சேனல் தேடினால், திரை முழுவதும் புள்ளி மழைதான் தெரிகிறது. டெக் கெட்டுப் போய்விட்டது என்று முடிவு செய்து, பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழுது டெக்கில் இல்லை. ஒளிபரப்பு முறை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

என்ன மாறியது?

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. பிறகு கொடைக்கானல் டவர் வந்ததும் தென் மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு ஆண்டெனா முளைத்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில், மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம், ஆண்டெனாவை உயரமாகக் கட்டி இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தவர்களும் உண்டு. இவை எல்லாம் அனலாக் ஒளிபரப்புகள். டெக்கின் உள்ளே இருக்கும் ட்யூனருக்கு அனலாக் சிக்னல் மட்டுமே புரியும்.

இப்போது வருவது டிஜிட்டல் சிக்னல். படமும் ஒலியும் சுருக்கப்பட்டு, எண்களாக வருகின்றன. ஒரு ஜிப் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். புரியாத எழுத்துகள்தான் வரும். டெக்கின் நிலையும் அதுதான். ஜிப் ஃபைலை விரிக்க ஒரு சாஃப்ட்வேர் தேவைப்படுவது போல, இந்தச் சிக்னலை விரித்துத் தர ஒரு செட்டாப் பாக்ஸ் தேவை.

தூர்தர்ஷனின் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை பிரசார் பாரதி படிப்படியாக மூடியது. 2022 மார்ச்சுக்குள், முக்கியமான இடங்களில் உள்ள சுமார் 50 தவிர மற்றவற்றை மூடுவதாக அது அறிவித்திருந்தது. ஆண்டெனாவில் வரும் டிஜிட்டல் ஒளிபரப்பை தூர்தர்ஷன் 2016-ல் 16 நகரங்களில் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்தது சென்னை மட்டும். எனவே புதுக்கோட்டைக்காரர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மாதக் கட்டணம் இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ். இன்னொன்று, கேபிள் செட்டாப் பாக்ஸ். எது இருந்தாலும் கீழே சொல்லும் முறை ஒன்றுதான்.

அமெரிக்காவில் 2009 ஜூன் 12 அன்று பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு நின்றபோதும் இதே சிக்கல் வந்தது. பாக்ஸ் வாங்குவதற்காக வீட்டுக்கு 40 டாலர் கூப்பன்கள் இரண்டு வரை அரசு கொடுத்தது. அங்கேயும் பழைய வி.சி.ஆர்.களை இப்படித்தான் இணைத்துப் பயன்படுத்தினார்கள்.

இணைப்பது எப்படி?

முதலில் டெக்கில் ரெக்கார்ட் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அது வி.சி.பி. அதில் கேசட் போட்டுப் பார்க்கலாம், பதிவு செய்ய முடியாது.

இனி மூன்று கருவிகளின் பிளக்கையும் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

1. செட்டாப் பாக்ஸின் ஏ.வி. அவுட்டில் இருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை டெக்கின் ஏ.வி. இன் பகுதியில் செருகுங்கள். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. டெக்கில் ஒலிக்கு ஒரே துளை இருந்தால் வெள்ளையை மட்டும் செருகினால் போதும்.

2. டெக்கின் ஏ.வி. அவுட்டில் இருந்து டிவியின் ஏ.வி. இன் பகுதிக்கு இன்னொரு செட் வயரைக் கொடுங்கள்.

3. டிவியை ஏ.வி. நிலையில் வையுங்கள். டெக்கிலும் சேனல் எண்ணுக்குப் பதிலாக ஏ.வி. அல்லது லைன் என்பதைத் தேர்வு செய்யுங்கள். பலர் தவறு செய்வது இந்த இடத்தில்தான். டெக் இன்னமும் தன் பழைய ட்யூனரில் இருந்தால் புள்ளி மழையைத்தான் பதிவு செய்யும்.

4. பாக்ஸின் மெனுவில் வீடியோ வெளியீட்டை ‘பால்’ என்றும், பழைய டிவிக்குப் பட வடிவத்தை 4:3 என்றும் வையுங்கள்.

உங்கள் பாக்ஸில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்தால், எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று தேவைப்படும். ஆனால் காப்பித் தடை உள்ள சேனல்கள் இதன் வழியே வராமல் போகலாம்.

பதிவு செய்யும்போது கவனிக்க

சேனலை மாற்றுவது இனி பாக்ஸின் வேலை. டெக்கில் டைமர் வைத்துவிட்டு வெளியே போனால், அந்த நேரத்தில் பாக்ஸில் எந்தச் சேனல் ஓடுகிறதோ அதுதான் பதிவாகும். எனவே பாக்ஸை ஆன் செய்து, வேண்டிய சேனலில் வைத்துவிட்டுப் போங்கள். தானாக அணையும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். இடையில் கரண்ட் போய் வந்தால் பல டெக்குகளில் கடிகாரம் அழிந்துவிடும், பாக்ஸும் வேறு சேனலுக்குப் போய்விடலாம். சிறிய யு.பி.எஸ். இருந்தால் நல்லது.

இ-180 கேசட்டில் சாதாரண வேகத்தில் மூன்று மணி நேரம் பதிவாகும். கேசட்டின் பின்பக்க ஓரத்தில் உள்ள சிறிய பிளாஸ்டிக் தகடு உடைந்திருந்தால் டெக் பதிவு செய்யாது. அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டினால் செய்யும். ஆனால் ஒட்டும் முன், அந்தக் கேசட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று ஓடவிட்டுப் பாருங்கள். அழியக் கூடாது என்று யாரோ அதை வேண்டுமென்றே உடைத்திருக்கலாம்.

கம்ப்யூட்டருக்கு வாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. யு.எஸ்.பி. வீடியோ கேப்சர் கருவி ஒன்றை வாங்கி, அதே மூன்று நிற வயர்களை அதில் செருகினால், பாக்ஸில் வரும் நிகழ்ச்சியை நேராக ஹார்ட் டிஸ்க்கில் பதிவு செய்யலாம். ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். அதில் வீடியோ வகையை ‘பால்’ என்றும், அளவை 720 X 576 என்றும், வேகத்தை நொடிக்கு 25 ஃப்ரேம் என்றும் வையுங்கள்.

நொடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 2.7 ஜி.பி. இடம் தேவை. பழைய ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே ஃபைலை ஏற்காது. என்.டி.எஃப்.எஸ். அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பவை அழிந்துவிடும் என்பதால், அவற்றை முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது

இப்படிக் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்ய முடியும் என்றால் டெக் எதற்கு என்று கேட்கலாம். டிவி நிகழ்ச்சி இன்று போனால் நாளை வேறு எங்காவது கிடைத்துவிடும். அப்பாவின் கல்யாணக் கேசட்டும், காதணி விழாவில் பாட்டி பேசிய பேச்சும், ஊர் ஜல்லிக்கட்டில் தாத்தா மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சியும் அப்படிக் கிடைக்காது. அவை இருப்பது அந்த ஒரு கேசட்டில் மட்டும். அதை ஓட்டுவதற்கு டெக் வேண்டும். வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதனால் ஓடும் நிலையில் உள்ள டெக் ஒவ்வொன்றும் இன்று மதிப்புள்ளது.

எனவே டெக் ஓடுகிறது என்று தெரிந்ததும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். டெக்கின் ஏ.வி. அவுட்டை கேப்சர் கருவியில் செருகி, வீட்டுக் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். வேண்டாத கேசட் ஒன்றை முதலில் போட்டு, டெக் டேப்பைக் கடிக்கிறதா என்று சோதியுங்கள். நல்ல கேசட்டை ஓட்டும் முன் ஒரு முறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள். கேசட்டின் கண்ணாடி வழியே டேப்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே போடாதீர்கள். டெக்கின் ஹெட் அழுக்காகும், அடுத்த கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். அவற்றைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஏற்றிய ஃபைலை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். இன்னொன்றை வெளியூரில் உள்ள அண்ணன் வீட்டுக்கோ தங்கை வீட்டுக்கோ கொடுத்துவிடுங்கள். புயல், மழை, கரையான் எது வந்தாலும் ஒரு பிரதியாவது தப்பிக்கும். அதற்குப் பிறகு, நிம்மதியாக டெக்கில் டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து பாருங்கள்.