கடை ஸ்டார் எதுக்கு? வீட்டிலேயே செய்து அசத்தலாம்! குட்டீசுடன் சேர்ந்து கிறிஸ்துமஸ் அலங்காரம்

நாகர்கோவில், டிச.-

கிறிஸ்துமஸ் நெருங்குவதால் குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்குகிறது. கடைத்தெருவில் விதவிதமான ஸ்டார், சீரியல் செட் குவிந்து கிடக்கிறது. ஆனால் தினக்கூலிக்கு போகும் குடும்பங்களுக்கு புதுத்துணி, கேக், கறி எடுத்தது போக கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். கடையை பார்த்ததும் ஸ்டார் கேட்டு அடம் பிடிக்கும் பிள்ளைகளை சமாளிக்க முடியாமல் பெற்றோர் தவிக்கிறார்கள்.

கவலையே வேண்டாம். அரையாண்டு பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கும் வாண்டுகளை வைத்தே அலங்காரத்தை முடித்து விடலாம்.

மூங்கில் ஸ்டார்

2 அடி நீளத்தில் 10 மூங்கில் பிளாச்சு, அரை அடியில் 5 துண்டு தேவை. பிளாச்சை சீவுவது பெரியவர்கள் வேலை. சிலாம்பு குத்தாமல் உப்புத்தாளால் தேய்த்து கொடுக்க வேண்டும்.

தரையில் சாக்பீசால் கை எடுக்காமல் ஒரு ஸ்டார் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பிளாச்சு வைத்து, 5 முனையையும் நூலால் கட்டினால் ஒரு ஸ்டார் ரெடி. அதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து முனைகளை சேர்த்து கட்ட வேண்டும். நடுவில் பிளாச்சுகள் குறுக்கே சந்திக்கும் 5 இடத்திலும் அரை அடி துண்டை முட்டுக் கொடுத்து கட்டினால் ஸ்டார் உப்பி நிற்கும்.

பிறகு கலர் பேப்பர். முன்பக்கம், பின்பக்கம் ஒவ்வொரு ஸ்டார், இடுக்கில் 10 முக்கோணம் வரும். அதில் ஒரு முக்கோணத்தை ஒட்டாமல் விட வேண்டும். பல்பு மாட்டவும், சூடு வெளியேறவும் அதுதான் வழி.

பசைக்கு காசு வேண்டாம். ஒரு பங்கு மைதாவுக்கு 5 பங்கு தண்ணீர் ஊற்றி, கட்டி இல்லாமல் கரைத்து, அடுப்பில் கிண்டி இறக்கினால் போதும். பூச்சி அரிக்காமல் இருக்க சிலர் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கும் பசையில் போடவே கூடாது.

பழைய பத்திரிகை, பனை ஓலை

பரணில் கிடக்கும் கல்யாண பத்திரிகைகளை வெட்டினால் மணி, சம்மனசு, குட்டி ஸ்டார் எல்லாம் கிடைக்கும். ஜிகினா தூவவே வேண்டாம், பத்திரிகையிலேயே தங்க கலர் இருக்கிறது. வார பத்திரிகை அட்டையை நீளமாக கிழித்து வளையம் வளையமாக ஒட்டினால் சங்கிலி தோரணம். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வேலையை கொடுக்கலாம்.

குருத்தோலை ஞாயிறுக்கு ஓலையில் சிலுவை மடக்கி பழகிய பிள்ளைகளுக்கு பனை ஓலையில் ஸ்டார் மடக்குவது பெரிய விஷயம் இல்லை.

குடிலுக்கு புல்

கிறிஸ்து பிறப்பு காட்சியை 1223-ம் ஆண்டு இத்தாலியில் உள்ள கிரெச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்துக் காட்டினார். குடில் வைக்கும் பழக்கம் பரவ அதுவே வழிவகுத்தது. குடிலுக்கு கேழ்வரகை ஒரு ராத்திரி ஊற வைத்து, தட்டில் மண் பரப்பி தூவி, தினமும் தண்ணீர் தெளித்தால் ஒரு வாரத்தில் பச்சைப் பசேல் என்று புல் வந்துவிடும். தண்ணீர் ஊற்றுவது யார் என்று பிள்ளைகளுக்குள் போட்டியே நடக்கும்.

உஷார்... உஷார்...

பேப்பர் ஸ்டாருக்குள் பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு போடக்கூடாது. சூட்டில் பேப்பர் கருகி தீப்பிடிக்கும். சின்ன எல்.இ.டி. பல்பு போதும். அதுவும் பேப்பரில் உரசாமல் நடுவில் தொங்க வேண்டும். மெழுகுவர்த்தி வைக்கவே கூடாது.

டிசம்பர் மழைக்காலம். வாசலில் தொங்கும் ஸ்டாருக்கு ஒட்டுப்போட்ட ஒயர் வேண்டாம். ஈரக்கையோடு சுவிட்சை தொடவும், பிள்ளைகள் பிளக் சொருகவும் விடக்கூடாது. படுக்கப் போகும்முன் பிளக்கை கழற்றி விடுவது நல்லது.

கடை ஸ்டார் அளவுக்கு பளபளப்பு இருக்காதுதான். ஆனால் பண்டிகை முடிந்ததும் பேப்பரை கிழித்துவிட்டு மூங்கில் கூட்டை பத்திரப்படுத்தினால், அடுத்த வருஷம் பேப்பர் செலவு மட்டும்தான் என்பது குறிப்பிடத்தக்கது.