தேய்மானக் கணக்கில் அடங்காத வேன்கள்

வங்கிப் பணியில் இருப்போருக்கு வாகனம் என்றவுடன் நினைவுக்கு வருவது அதன் அழகன்று, தேய்மானம். வருமான வரிக் கணக்கில் காருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு. வாடகைக்கு ஓடும் வண்டியானால் 30. இந்தக் கணக்கிலேயே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நாங்கள், ஐம்பது அறுபது வயதைக் கடந்த வேன்கள் நூற்றுக்கணக்கில் அணிவகுத்து நின்ற ஒரு திடலில் ஒரு நாள் முழுவதும் சுற்றித் திரிந்த கதையை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வங்கியின் இலண்டன் கிளையில் பணியாற்றிய காலம் அது. செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மனைவி, மகளோடு பாடிங்டன் நிலையத்தில் ரயிலேறி, ஆக்ஸ்ஃபோர்டு, வூஸ்டர் வழியாகக் கிரேட் மால்வெர்ன் சென்று இறங்கினோம். மால்வெர்ன் குன்றுகளின் அடிவாரத்தில் விவசாயக் கண்காட்சிகள் நடைபெறும் பெரிய திடல் ஒன்று உண்டு. அங்கேதான் பழைய ஃபோக்ஸ்வாகன் வேன்களின் கூடுகை. முதல்நாள் பெய்த மழையில் புல்தரை சேறாகியிருந்தது. கட்டுச்சோறாக எடுத்துச் சென்ற புளியோதரையைத் தவிர வேறு முன்னேற்பாடு எதுவும் எங்களிடம் இல்லை.

திருவிழாக் கடைவீதியைப் போல வேன்கள் தெருத்தெருவாக நின்றன. மேலே வெள்ளை, கீழே சிவப்பு. மேலே பாலேடு, கீழே கடல்நீலம் என்று இரட்டை வண்ணங்கள். முகப்புக் கண்ணாடி நடுவில் பிளந்திருந்தால் அது 1967-க்கு முந்தையது. ஒரே வளைந்த கண்ணாடியானால் பிந்தையது. இவ்வளவு தெரிந்துகொண்டால் திடலில் பாதிப் பேச்சு விளங்கிவிடும். பக்கக் கதவுகளைத் திறந்துவைத்து, உள்ளே சிறு அடுப்பில் தேநீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். எவரும் தம் வேனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருளாகக் கருதவில்லை. எட்டிப் பார்த்தால் உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள்.

இந்த வேனின் பிறப்பு ஒரு குறிப்பேட்டுப் பக்கத்தில் நிகழ்ந்தது. போருக்குப் பின் வுல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலை பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தில் இருந்தது. உதிரிபாகங்களை ஏற்றிச் செல்வதற்காக, கார் அடிச்சட்டத்தின் மீது பலகைத் தளம் பொருத்திய ஒரு வண்டி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கண்ட பென் பொன் என்ற டச்சு வணிகர், 1947 ஏப்ரல் 23 அன்று பெட்டி போன்ற ஒரு வேனின் பக்கத்தோற்றத்தைத் தம் குறிப்பேட்டில் வரைந்தார். 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. பின்புறத்தில், காற்றாலேயே குளிரும் 1131 சி.சி. எஞ்சின், 25 குதிரைத்திறன், ஏறக்குறைய முக்கால் டன் சுமை. 1956-இல் ஹானோவர் நகரில் இதற்கெனத் தனித் தொழிற்சாலை எழுந்தது. இரண்டாம் தலைமுறை வேன் பிரேசிலில் 2013 இறுதிவரை தயாரிக்கப்பட்டது. காற்றுப்பையும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயம் என்ற புதிய விதிதான் அதை நிறுத்தியது. வாங்க ஆளில்லாமல் அன்று.

நம் சாலைகளில் ஓடிய மேட்டடாருக்கும் இதற்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1949-இல் ஹாம்பர்க் நகரின் டெம்போ நிறுவனம் தன் முதல் மேட்டடாரை வெளியிட்டபோது அதில் இருந்தது ஃபோக்ஸ்வாகன் எஞ்சின். தன் வேனுக்கே அது போட்டி என்று உணர்ந்த ஃபோக்ஸ்வாகன் சில ஆண்டுகளில் எஞ்சின் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. அந்த மேட்டடாரின் பிற்கால வாரிசைத்தான் பஜாஜ் டெம்போ நம் நாட்டில் தயாரித்தது. பங்காளிச் சண்டை எங்கும் உண்டு.

பிற்பகலில், வெளிறிய ஆரஞ்சு நிற வேன் ஒன்றின் பக்கத்தில் நின்றோம். 1971-ஆம் ஆண்டு மாதிரி. உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நாங்கள் இந்தியர் என்று அறிந்ததும், தகரப் பெட்டி ஒன்றிலிருந்து பழுப்பேறிய ஒரு புத்தகத்தை எடுத்து எங்கள் முன் விரித்தார். அது 'கார்னே' எனப்படும் சுங்க ஆவணம். பயணத்தில் நுழையும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தாள். நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. வெளியேறிய முத்திரை இல்லையென்றால், வண்டியை அந்த நாட்டிலேயே விற்றுவிட்டதாகக் கொண்டு சுங்கவரி கேட்பார்கள். அந்தப் பொறுப்புக்கு ஈடாக வங்கி உத்தரவாதம் கொடுத்தால்தான் வாகன சங்கம் கார்னேயை வழங்கும்.

இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், லாகூர் வழியாக ஐரோப்பிய இளைஞர்கள் இந்தியாவுக்கு வண்டியோட்டி வந்த காலம் அது. 1979-இல் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் நேர்ந்த மாற்றங்களோடு அந்தப் பாதை அடைபட்டது. இவர் வந்தது 1976-இல். வாகாவைக் கடந்து அமிர்தசரஸை அடைவதற்குள் எஞ்சினின் ஒரு வால்வு உடைந்து பிஸ்டனைத் துளைத்துவிட்டது. கையிலிருந்த பணமோ வீடு திரும்பும் பயணச் சீட்டுக்கு மட்டுமே போதும். உடன் வந்த நண்பர்கள் வேனை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறிவிடலாம் என்றார்கள். அவருக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆனால், ஊரில் அவருடைய தந்தை தம் சேமிப்பு முழுவதையும் அந்த உத்தரவாதத்துக்கு ஈடாக வங்கியில் வைத்திருந்தார். வேன் திரும்பாவிட்டால் அந்தச் சேமிப்பும் திரும்பாது. ஐந்து வாரம் ஒரு பட்டறையின் பின்கட்டில் படுத்து, ஜெர்மனியிலிருந்து பார்சலில் உதிரிபாகம் வரும்வரை காத்திருந்து, வண்டியை ஓட்டிக்கொண்டே ஊர் திரும்பினார். வேன் மீதுள்ள பாசத்தால் அன்று அதைக் காப்பாற்றவில்லை, பாசமெல்லாம் பிற்பாடு வந்தது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். வங்கி உத்தரவாதத்தைப் பற்றி எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் கேட்டிருக்கிறோம். இவ்வளவு தெளிவாக எவரும் விளக்கியதில்லை.

அவர் பேசிக்கொண்டிருக்கையில் எங்களுக்கு நாக்பூர் நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு கிளையில் கடன் பிரிவைப் பார்த்துவந்தோம். ஆரஞ்சுப் பழ வியாபாரி ஒருவர் தம் பழைய மேட்டடாரின் எஞ்சினையும் உடலையும் சீரமைக்க 60,000 ரூபாய் கேட்டு வந்தார். வண்டியின் வயது விதியை மீறிவிட்டது என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தோம். "சாஹேப், வண்டிக்குத்தான் வயதாகிவிட்டது, என் வியாபாரத்துக்கு ஆகவில்லையே" என்றார். அடுத்த பருவத்தில் அவர் வட்டிக்கடையில் கடன் வாங்கியதையும், அதற்கடுத்த ஆண்டு வேனைப் பழைய இரும்புக்கு விற்றதையும் பிறர் சொல்லக் கேட்டோம். விதிப்படி நாங்கள் செய்ததில் பிழையில்லை. ஆயினும், வண்டியின் வயதை விட்டுவிட்டு அவருடைய கொள்முதலையும் வரவையும் பார்த்து வேறு வகைக் கடனாக அதைத் தந்திருக்க முடியும். அந்தக் கோப்பை மேலதிகாரியிடம் கொண்டுசெல்லும் சிரமத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் முத்ரா திட்டத்தின் 'கிஷோர்' பிரிவு 50,000 முதல் 5 இலட்சம் வரை பிணையின்றிக் கடன் பெற வழி செய்தது. சிறு வியாபாரிகள் வாகனக் கடன் மறுக்கப்பட்டதோடு கிளையை விட்டு எழுந்துவிடாமல், வேறு எந்தக் கடனுக்குத் தகுதி உண்டு என்று ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

பழைய வாகனம் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய வாகனத்தின் காப்பீட்டு மதிப்பு, அதாவது ஐ.டி.வி., அட்டவணைப்படி அமைவதன்று. நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்வது. ஆகவே பழுதுபார்த்த ரசீதுகளையும் புகைப்படங்களையும் சேர்த்துவைத்துப் பேசுங்கள். 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, மூலவடிவம் மாறாத சொந்த வாகனங்களை 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண்ணில் தொன்மை வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ அதை ஓட்ட முடியாது.

மாலை ஐந்து மணிக்கு ஆசிரியர் புறப்பட ஆயத்தமானார். ஈரத்தில் பேட்டரி கைவிட்டுவிட்டது போலும். சாவியைத் திருப்பினால் முனகலோடு சரி. அக்கம்பக்கத்தார் ஐந்தாறு பேரும் நாங்களும் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளினோம். "சேலை சேறாகிறது" என்று சொல்லிக்கொண்டே மனைவியும் கை கொடுத்தார். பதினைந்து அடி உருண்டதும் வேன் ஒருமுறை உதறி, தையல் இயந்திரம் போல் கடகடவென்று ஓடத் தொடங்கியது. அவர் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டியிருக்கும். சன்னல் வழியாகக் கையை மட்டும் அசைத்தார். நாங்கள் சேற்றுக் காலணிகளோடு ரயில் நிலையத்துக்கு நடந்தோம்.