645 பொருள் கொண்ட 'ரன்'

என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளுக்கு 'ரன்' என்றால் ஓடு. கிரிக்கெட் என்றால் ஸ்கோர். "அவ்வளவுதானே சார்?" என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியோ வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள் தருகிறது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது, 430 பொருள்.

காலால் ஓடுவதைக் குறித்த சொல் இப்படிப் பெருகியது எப்படி? ஆறும் ஓடுகிறது அல்லவா? பிறகு இயந்திரங்கள் வந்தன. ரயில் ஓடியது, ஆலை ஓடியது, இன்று கம்ப்யூட்டர் புரோகிராமும் ஓடுகிறது.

இதுவரை நம் 'ஓடு' துணைக்கு வரும். படம்கூட நூறு நாள் ஓடும். அதன் பிறகுதான் சிக்கல். மூக்கு 'ரன்' ஆனால் ஒழுகுகிறது. கடையை ஒருவர் 'ரன்' செய்தால் நடத்துகிறார். அமெரிக்காவில் தேர்தலுக்கு 'ரன்' செய்பவர் போட்டியிடுகிறார். பிரிட்டனில் அவரே 'ஸ்டாண்ட்' செய்வார், அதாவது நிற்பார், நம்மைப் போலவே! வங்கியில் 'ரன்' என்றால், பணம் போட்டவர்கள் பயந்துபோய் ஒரே நேரத்தில் அதைத் திரும்ப எடுக்க முண்டியடிப்பது.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: 645ஐயும் மனப்பாடம் செய்யாதீர்கள். எது 'ரன்' ஆகிறது, பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள். பொருள் தானாகப் பிடிபடும்.